சிவப்புக் கூம்பு நின்ற உயரம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சென்னையில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டில் எங்களுக்கு ஒரு புதுமாதிரிப் பயிற்சி வந்தது. கனடாவில் படிக்கும் ஒரு மாணவியோடு சேர்ந்து இங்கே கடலோரத்தில் இருக்கும் நொச்சிக்குப்பத்துக்கு மீன் அங்காடி ஒன்றை வடிவமைக்க வேண்டும். அவள் இங்கே வரப்போவதில்லை, நாங்களும் அங்கே போகப்போவதில்லை. கம்ப்யூட்டருக்குள் அங்காடியைக் கட்டி, அதற்குள்ளேயே சந்தித்துப் பேசிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் என்றால் நானும் என் தோழியும். நான் மயிலாப்பூர், அவள் தி. நகர். வீட்டில் உருது பேசுவாள், என்னிடம் தமிழ், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் இரண்டிலும் திட்டுவாள். வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்துத் தரமணியில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெல்மெட் ஒன்று அங்கே இருந்தது. உள்ளே கண்களுக்கு நேராக இரண்டு குட்டித் திரைகள். எங்களுக்குப் பொழுது சாயும்போது கனடாவில் அந்த மாணவிக்கு விடியும்.

முதல் நாள் ஹெல்மெட்டை நான் மாட்டிக்கொண்டேன். பாரத்தில் கழுத்து இறங்கியது. பிறகு, காகிதத்தில் நான் வரைந்த தூண் என் முன்னால் எழுந்து நின்றது. அண்ணாந்தேன், கூரை இருந்தது. திரும்பினேன், நீலத் தகடாகக் கடல். படம் விட்டுவிட்டுத்தான் நகர்ந்தது, விளிம்பெல்லாம் பல்பல்லாகத் தெரிந்தது. ஆனாலும் கையை நீட்டித் தூணைத் தொடப்போய்க் காற்றைத் துழாவினேன். தோழி சிரித்தாள்.

அப்போது கனடாக்காரி வந்தாள். அந்த அங்காடிக்குள் அவளுக்கு ஒரு சிவப்புக் கூம்புதான் உருவம். பூமியின் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒருத்தி என் கூரைக்கடியில் நகர்ந்து வருகிறாள் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் கூம்பு ரொம்பத் தாழ்வாக இருந்தது.

“தரைக்குள்ள புதைஞ்சிட்டாளா? என்னன்னு கேளுடி.”

தோழி தட்டச்சு செய்தாள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. தோழி வாய்விட்டுப் படித்தாள்: “புதையவில்லை. நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். பார்வை உயரத்தை எனக்கு ஏற்ற மாதிரி வைத்திருக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்தி அடுத்த வரியையும் படித்தாள். “உங்கள் கடல் எங்கே? எனக்குச் சுவர்தான் தெரிகிறது.”

மணல் அடிக்காமலிருக்க மார்பளவுச் சுவர் ஒன்றைக் கடல் பக்கம் வைத்திருந்தோம். என் பார்வை உயரத்தையும் இறக்கும்படி தோழியிடம் சொன்னேன். கடல் மறைந்துபோனது. மீன் விற்பவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. தினம் பார்த்த காட்சி; ஒருநாளும் அந்த உயரத்திலிருந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை குப்பத்துக்குப் போய் ரோட்டோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் கூடை வைத்திருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, மீன் வோணுமா? சும்மா குந்திக்கினு கீறீங்க.”

“கடல் பாக்கறோம்கா,” என்றாள் தோழி.

“பாரு பாரு. அதுக்கு இன்னா காசா?”

சுவரை எடுத்துவிட்டோம். படிகள் இருந்த இடத்தில் கனடாக்காரி ஒரு சரிவுப்பாதை வைத்தாள். அங்காடியிலிருந்து வளைந்து இறங்கி மணலுக்குள் போகும் பாதை. இணைப்பு அடிக்கடி அறுந்தது. அறுந்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருவோம். தோழி தானாகவே ஏதோ நிரல் எழுதி நீலத் தகட்டை ஏறி இறங்க வைத்தாள். அலை என்று சொல்லிவிட முடியாது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

தேர்வாளர்கள் பார்த்தார்கள், நல்ல மதிப்பெண் போட்டார்கள். அங்காடியை யாரும் கட்டவில்லை.

கடைசிச் சந்திப்பில் மூவரும் விடைபெற்றுக்கொண்ட பிறகு கூம்பு மட்டும் தனியாகச் சரிவில் இறங்கியது. மெதுவாக, வளைவுகளில் தயங்கித் தயங்கி, தண்ணீரின் விளிம்பு வரை போய் நின்றது. திரையில் வந்த வரியைத் தோழி படித்தாள்: “கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நான் போனதே இல்லை.”

ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் சாவியோடு வந்து, “முடிஞ்சுதாம்மா? பூட்டணும்,” என்றார்.

“இன்னும் கொஞ்ச நேரம் சார்,” என்றாள் தோழி தணிந்த குரலில். “அவ கடல் பாத்துக்கிட்டு இருக்கா.”

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.