ஞாயிற்றுக்கிழமை மீன்

நான் அடம்பன் என்ற வயல் ஊர்க்காரன். எனக்கு வயலும் மாடும்தான் தெரியும். அப்படியிருந்தும், மீள்குடியேறிய குடும்பங்கள் வரவு செலவு எழுதுவதற்காக நான் வேலை செய்யும் கந்தோர் செய்வித்த கைத்தொலைபேசிச் செயலிக்கு உதவிப் பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மீனவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஒரு உதாரணம் சோடித்தேன்: ‘ஞாயிறு, மீன் விற்றது, நாலாயிரம் ரூபாய்.’ கிழமை ஞாயிற்றில்தானே தொடங்குகிறது! அதற்கு மேலே, பேசாலைக் கரையில் நானே பிடித்த ஒரு படகின் படம். அதன் பதிவு இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம் போகவில்லை, செயலி வழியாக ஒரு பிழை முறைப்பாடு வந்தது. படத்திலிருந்த படகுக்காரரின் மனைவி எழுதியிருந்தார்: ‘உதவிப் பக்கத்தில பிழை. எங்கட படகு ஞாயிறு கடலுக்குப் போறேல்லை.’

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செயலி ஒழுங்காகக் கூட்டுகிறது, கழிக்கிறது. இதில் என்ன பிழை? ‘மிகச் சிறியது’ என்று தரம் போட்டு, ‘இது உதாரணம் மட்டுமே’ என்று பதில் எழுதி, முறைப்பாட்டை மூடிவிட்டேன்.

மறுநாளே அவர் அதைத் திரும்பத் திறந்தார். ‘பேசாலையில ஆருமே ஞாயிறு தொழிலுக்குப் போறேல்லைத் தம்பி. மாதா கோயில் பூசைக்குத்தான் போவம்.’

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ‘உதாரணம் உண்மையாக இருக்கவேண்டிய அவசியமில்லை’ என்று பெரிய பண்டிதன் மாதிரி எழுதி மறுபடியும் மூடினேன்.

படம் எடுக்கப் போனபோது வாய் சும்மா இராமல் அவரிடம் என் ஊரைச் சொல்லியிருந்தேன். அது அவருடைய அடுத்த பதிலில் வந்து நின்றது. ‘அப்ப நான் ஒரு உதாரணம் தாறன், போடுங்கோ. பட்டிப்பொங்கலண்டு அடம்பன்காரர் தங்கட மாட்டை வெட்டி இறைச்சி வித்தவை, பத்தாயிரம் ரூபா. படத்துக்கு உங்கட வீட்டு மாட்டை நிப்பாட்டுங்கோ.’

ஐயோ! மாட்டுக்கு மாலை போட்டுப் பொங்கும் அம்மா இதை வாசித்திருந்தால் என்னை வீட்டுக்குள் எடுத்திருக்க மாட்டா. ஆனால் அதற்குக் கீழேயும் நாலு வரி இருந்தது. ‘ஞாயிறு போன படகை ஒரு கிழமை கட்டிவைக்கிறது எங்கட மீனவர் சங்கத்தின்ர சட்டம். உங்கட படத்தைப் பாத்து நாலு நாளா எங்கட படகைக் கட்டி வைச்சிருக்கினம். இவர் சொல்லுறதை ஒருத்தரும் நம்பேல்லை. கந்தோர் பொய் எழுதுமோ எண்டு கேக்கினம்.’

அந்த நிமிடமே உதவிப் பக்கத்தைத் திருத்திவிட்டு, மோட்டார் சைக்கிளில் பேசாலைக்கு ஓடினேன். சங்கத் தலைவர் முன்னால் கைகட்டி நின்று, “நான் வயல்காரன் ஐயா, எனக்குக் கடல் தெரியாது. அந்த ஞாயிறு என்ர கற்பனை” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கடல் தெரியாட்டிப் பரவாயில்லை. ஞாயிறும் தெரியாதோ?”

பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் தலைவர் படகை அவிழ்க்கச் சொன்னார்.

பெரிய காரியம் சாதித்தவன்போல முறைப்பாடு எழுதியவரின் வீட்டு வாசலில் போய் நின்றேன். “அக்கா, பிழையைத் திருத்தியாச்சு. என்னில கோவமோ?”

“சீ, என்ன கோவம்? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார். கோப்பையை நீட்டும்போதுதான் மெல்லச் சொன்னார்:

“சீனி இல்லைத் தம்பி. நாலு நாளா வாங்கேல்லை.”