லெஹங்காவில் தொங்கிய குஞ்சம்

"உங்க வியூவர்லதான் என் லெஹங்காவ திருடிட்டாங்க. இதுக்கு இன்னாண்ணா பதில்?"

ரஹ்மத் என் அறைக்கு வந்து நின்றபடியே கேட்ட கேள்வி இது. செஞ்சி பஜாரில் ஓர் உரக்கடையின் மாடியில்தான் என் வேலை. மாடி ஏறி வருகிறவர்கள் வழக்கமாக பிரிண்டர் ரிப்பேருக்குத்தான் வருவார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்று அவர்களில் ஒருவர் வந்திருந்தாலே தேவலை என்று தோன்றியது.

இளைய நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இணையத்தில் மெய்நிகர் உலகங்கள் இருக்கின்றன. அங்கே ஆளுக்கொரு உருவம் எடுத்து நடக்கலாம், வீடு கட்டலாம், துணி வாங்கி உடுத்தலாம். அந்த உலகத்தை நம் கம்ப்யூட்டரில் காட்டும் மென்பொருள்தான் வியூவர். நான் ஒரு குழுவோடு சேர்ந்து வேலை பார்க்கும் வியூவர் ஓப்பன் சோர்ஸ். அதன் கோடை, அதாவது நிரல் வரிகளை, யாரும் படிக்கலாம், மாற்றலாம், தனியாக ஒன்று செய்துகொள்ளலாம்.

ரஹ்மத் அந்த உலகத்தில் துணிக்கடை வைத்திருந்தாள். நிஜ பஜாரிலும் அவர்கள் ஜவுளிக் குடும்பம்தான். அவள் அம்மா ஜரிகைப் பூவைக் காகிதத்தில் வரைவார். ரஹ்மத் அதை முப்பரிமாணத்தில் உருவாக்குவாள். ஸ்கூல் டீச்சர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். கல்யாண லெஹங்கா ஒன்றுதான் அவள் கடையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அது போனால் கடையும் போச்சு, மறுபடி ஸ்கூல்தான்.

எவனோ எங்கள் கோடை எடுத்து, அடுத்தவர் பொருளை நகலெடுக்க விடாமல் தடுக்கும் வரிகளை அழித்துவிட்டு, தனக்கென்று ஒரு வியூவர் செய்துகொண்டான். அதை வைத்து லெஹங்காவை அப்படியே உருவி, வேறு பெயரில் விற்றான். அந்த உலகத்தை நடத்தும் கம்பெனியிடம் அவள் புகார் கொடுத்ததும் அந்தப் போலிக் கடையை நீக்கினார்கள். சில நாளில் இன்னொரு பெயரில் முளைத்தது.

"கோட மூடிடுங்க," என்றாள்.

மூடினாலும் பயனில்லை என்று சொன்னேன். "கண்ணுக்குத் தெரியணும்னா அது அவன் கம்ப்யூட்டருக்கு வந்தே ஆவணும்மா. வந்தத எடுக்கிறவன் எடுப்பான்."

"அப்போ பூட்டே வேணான்றீங்களா?"

நான் குரலை உயர்த்தி ஏதோ சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

கூட்டம்

விஷயம் பெரிதாகிவிட்டது. அந்த உலகத்தில் பொருள் செய்து விற்கும் பலர் ஒன்றுகூடி, எங்கள் குழு கோடை மூட வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் சரி என்றார்கள். பறிகொடுத்தவள் பேசட்டும், பிறகு முடிவெடுப்போம் என்று ரஹ்மத்தை அழைத்தார்கள். மூடினால் நான் இத்தனை வருடம் செய்ததெல்லாம் ஒரு கம்பெனிப் பெட்டிக்குள் போய்விடும். என்ன பேசப் போகிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் தெளிவான ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். மூடச் சொல்லத்தான் கிளம்பி வந்ததாகவே ஆரம்பித்தாள். தன் லெஹங்காவுக்கு வியூவரில் நிறம் போட்டுப் பார்ப்பது அம்மா என்றும், அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும் என்றும் சொன்னாள். தமிழ் மெனுவை எந்தக் கம்பெனியும் தரவில்லை, எங்கள் ஊரில் ஒருத்தர் உட்கார்ந்து சேர்த்தார், கோடு திறந்திருந்ததால்தான் அவரால் முடிந்தது என்றாள். அந்த ஒருத்தர் நான்தான். திருடன் கையில் பழைய கோடு ஏற்கெனவே இருக்கிறது. இப்போது மூடினால் இனி தமிழ் சேர்க்க யாராலும் முடியாது, வெளியே நிற்கப் போவது தன் அம்மாதான் என்றாள்.

பிறகு ஒன்று கேட்டாள். பொருளை நம் கம்ப்யூட்டரில் சேமிக்கும் வசதி எங்கள் வியூவரில் உண்டு. பல துண்டுகளைக் கோத்துச் செய்த பொருளில் முதல் துண்டைச் செய்தவர் யார் என்று மட்டும் அது பார்த்துவந்தது. இனி ஒவ்வொரு துண்டையும் பார்க்க வேண்டும், ஒன்று அடுத்தவருடையது என்றாலும் தரக்கூடாது, யாருக்கும் விதிவிலக்கு கூடாது என்றாள். திருட்டுக் கொடுத்தவள் வாயிலிருந்து இவ்வளவு நியாயம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அப்படியே பிரமித்துப் போனேன். குழு கோடை மூடவில்லை.

சோதனை

அவள் கேட்டதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடமே சோதிக்கக் கொடுத்தேன். அம்மாவையும் அழைத்து வந்தாள். தன் லெஹங்காவைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் பட்டனை அழுத்தினாள். வியூவர் மறுத்துவிட்டது.

கோடில் தப்பு என்றுதான் நினைத்தேன். அதற்குள் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் இருந்த தமிழ் வரியைப் படித்தார். இதில் பிறர் செய்த பொருள் உள்ளது என்று இருந்தது.

"குஞ்சம்டி. முதுகுல தொங்குதே, அது நாம செஞ்சது இல்ல," என்றார்.

உண்மைதான். ஆரம்பத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரியிடம் அதை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பிறகு மறந்தே போய்விட்டது. லெஹங்கா அவளுடையது, குஞ்சத்தை மாட்டி விற்கவும் உரிமை உண்டு. அவளுக்காக ஒரு வரி சேர்த்தால் திறந்துவிடும். சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாண்ணா. என் துணிய எனக்கே தரமாட்டேங்குது. அப்போ வேல செய்யுது."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் மாடியில் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பூட்டு எழுதினால் நல்லவர் கையில் முதலில் கொடுத்துப் பாருங்கள். அவருக்காகத் தளர்த்தத் தோன்றும், தளர்த்தாதீர்கள். எந்தப் பூட்டையும் உடைக்கிறவன் உடைப்பான், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். போலிக் கடை இன்றும் அவ்வப்போது முளைக்கிறது. ஆனால் அந்த உலகத்து உருவங்களின் உடல் அளவுகள் மாறும்போதெல்லாம் ரஹ்மத் லெஹங்காவைத் திருத்தி, பழைய வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புகிறாள். திருடியவனுக்கு அது வராது. அதனால் போலியை வாங்கி ஏமாந்தவர்களும் அவளைத் தேடி வருகிறார்கள். அவள் ஸ்கூலுக்குத் திரும்பவில்லை.

அன்றைக்கே அம்மா என் மேசையிலிருந்த பில்லைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஒரு புதுக் குஞ்சம் வரைந்தார். இப்போது லெஹங்காவில் தொங்குவது அதுதான்.