தூக்கி வந்தவர் பெயரில்

என் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் அக்கா வீட்டுக்காரர் என்னைக் "கைநாட்டு" என்று கூப்பிட்டார். பதினெட்டு வருடம் ஆகிறது. அஞ்சாவது வரை படித்தவன் நான், கையெழுத்துப் போடத் தெரியும். இருந்தாலும் அன்று முதல் குடும்பத்தில் எனக்கு அதுதான் பெயர்.

மச்சான் முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். பாதி முகவரி, கிறுக்கல் எழுத்து, எதுவானாலும் சரியான பெட்டியில் எறிந்துவிடுவார். வீட்டில் உப்பு டப்பாவுக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருப்பார். "என் நெத்திதான் பாக்கி" என்பாள் அக்கா.

ஊருக்கெல்லாம் முகவரி கண்டுபிடித்தவருக்குச் சொந்த அப்பாவைத் தெரியாது. மூன்று வயதில் பறிகொடுத்தார். வளர்த்த தாய்மாமனைக் கேட்டால் "காய்ச்சல்" என்று ஒரே சொல். அந்த மாமனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருடம் மச்சானின் ஒரே மகள் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். இருபத்து நாலு வயது, தையல் கம்பெனியில் மூன்றாவது மாடியில் வேலை. இதய டாக்டர் முதலில் கேட்டதே, "அப்பா வழியில யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்றுதான். அப்பா எப்படிச் செத்தார் என்று மச்சான் மறுநாளே தேடக் கிளம்பினார்.

பொது நூலகத்தில் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் இலவசம். பழைய இடுகாட்டுப் பதிவேடுகளைப் படம் பிடித்து, யாரும் காசில்லாமல் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். பெயர் தட்டினால் வராது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினொரு நாள் புரட்டினார். சோறு இறங்கவில்லை. மகள் குளிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

பன்னிரண்டாம் நாள் அக்கா என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

"வா கைநாட்டு. படம் பார்க்க வந்தியா?"

"படத்தைவிட உங்க மூஞ்சிதான் மோசமா இருக்கு மச்சான். ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவர் விரல் திரையில் முதல் கட்டத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வெறுமனே "பெயர்" என்று இருந்தது. நான் வெல்டிங் வேலைக்காரன். இடுகாட்டு கேட்டை மூன்று தடவை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், காவலாளி எழுதுவதையும் பார்த்திருக்கிறேன்.

"மச்சான், அது செத்தவர் பேரு இல்ல. தூக்கிட்டு வந்தவர் பேரு."

"என்னடா உளர்றே?"

"செத்தவனா வந்து கையெழுத்துப் போடுவான்? நாளைக்கு ஒரு தகராறுன்னா யாரைப் பிடிக்கிறது? பொறுப்பெடுத்தவரைத்தான் முதல்ல எழுதுவாங்க. செத்தவர் கடைசிக் கட்டத்துல கிடப்பாரு."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு மெதுவாக, "அப்போ மாமா பேரைத் தேடணும்" என்றார்.

இருபது நிமிடம்தான் மீதி இருந்தது. மச்சானுக்கு மூன்று வயதான வருடத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினோம், மாமன் பெயர் இரண்டு இடத்தில் கிடைத்தது. ஒன்றில், தங்கையின் கணவர், அதாவது மச்சானின் அப்பா, வயது இருபத்தொன்பது, நடந்துபோகையில் விழுந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, அந்தக் கணவரின் தங்கை, வயது இருபத்து மூன்று, படி ஏறுகையில் விழுந்தாள். காய்ச்சல் என்று எங்கேயும் இல்லை.

"எனக்கு ஒரு அத்தை இருந்தாங்களா?" என்றார். "வம்சத்துல கோளாறுன்னா எவனும் எனக்குப் பொண்ணு தரமாட்டான்னு மாமா மூடி வெச்சுட்டாரு. உங்க அக்காவையும் சேர்த்து ஏமாத்தியாச்சு."

"அதுக்கு அக்கா உங்களை அப்புறம் கவனிச்சுக்குவா. முதல்ல டாக்டருக்குப் போடுங்க போனை."

வாசலுக்கு வந்து போட்டார். படித்ததை அப்படியே சொன்னார். மகளை உடனே கூட்டி வரச் சொன்னார் டாக்டர். ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது. மகளுக்குப் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் வாங்கி வைக்கும் போனைச் சாயங்காலம்தான் தருவார்களாம், கம்பெனி நம்பரும் எங்களிடம் இல்லை. மணி ஒன்று நாற்பது. இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை முடிந்து எல்லாரும் மேலே ஏறுவார்கள். லிஃப்ட் சரக்குக்கு மட்டும்தான்.

மச்சான் என்னை வண்டி நிறுத்தியிருந்த பக்கம் தள்ளினார்.

"அவளை ஏத்திட்டுப் போக நான் ஆட்டோ பிடிச்சு வர்றேன்டா. நீ வண்டியை எடு. இரண்டு மணிக்குள்ள போய் அந்தப் படிக்கட்டுக்குக் கீழ நில்லு. அவ வந்தா கையைப் பிடிச்சு உட்கார வை. அத்தை விஷயத்தை மட்டும் சொல்லிடாதே, அதை நான் வந்து சொல்லிக்கிறேன்."