வெல்டிங் வைத்த பின்கதவு

நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. பேய், முனி என்று யாராவது பேச ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான்தான். தலவாக்கலையில் இருபது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பும் கிரீசும்.

என் தங்கை மாலாவின் கணவன் ரவி, கொழும்பு முதலாளி ஒருவரிடம் டிரைவர். அந்த முதலாளிக்கு வெளிநாட்டில் பாலைவன ரேலிப் பந்தயம் ஓட ஆசை, அதற்குப் பழைய ஜீப் பார்த்துத் தயார் பண்ணுவது என் பொறுப்பு, கூடப்போய் ஓட்டுவது ரவி. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் பாலைவனத்தில் ஓட்டப்போகிறான் என்று எனக்கு ஒரே பெருமை. ஆறு ஜீப் பார்த்தேன், எல்லாம் மழையில் அடியில் சேசிஸ் சட்டம் இற்றுப்போனவை. ஏழாவது, ஒரு தோட்டத்தில் நோயாளிகளை ஏற்றிப்போன ஜீப். சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம். அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

சாவி கொடுத்த தோட்டத்து டிரைவர் சொன்னார்: "அண்ணே, கோயில் வளைவுல ஒரு புள்ளத்தாச்சி இதுக்குள்ளயே செத்துப்போச்சி. அதுலருந்து வெறும் வண்டியா போனாலும் ஆஸ்பத்திரி வாசல்ல பின்கதவ ஒருக்கா தொறந்து மூடுவோம். நீங்களும் செஞ்சிருங்க." தலையாட்டிவிட்டு வந்தேன்.

பாரம் குறையப் பின்சீட்டையெல்லாம் கழற்றினேன். மணலுக்கு உயரம் முக்கியம், அதனால் பின் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே அளந்தேன். ஒன்பது அங்குலம். மறுநாள் மத்தியானம் தனியாக ஓட்டிப் பார்க்கப் போனேன், நல்ல பனிமூட்டம். கோயில் வளைவில், ஆள் ஏறினால் வண்டி அமுங்குமே, அப்படிப் பின்பக்கம் அமுங்கியது. நம்பினால் நம்புங்கள், இறங்கி அளந்தால் எட்டு. ஸ்பிரிங் சிக்கியிருக்கும் என்று திட்டிக்கொண்டே டவுனுக்கு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். திறந்த கையோடு வண்டி எழும்பியது. மறுபடி ஒன்பது.

ரவிக்கு வந்த வாய்ப்பு கெட்டுவிடும் என்று யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் அடித்தேன். மணல் தூசி உள்ளே வராமலிருக்கப் பின்கதவைச் சுற்றி வெல்டிங் வைத்து அடைத்தேன், நானே, என் கையால்.

ரவி அந்த வளைவைத் தாண்டித்தான் கொழும்புக்குக் கொண்டுபோனான். துறைமுகத்திலிருந்து போன் பண்ணினான்: "மச்சான், பின்பக்கம் ஒரு இன்ச் அமுங்கி நிக்குது. லோடே இல்லயே?"

"ஓட ஓட சரியாயிரும். நீ போயிட்டு வா" என்றேன்.

ரேலியின் மூன்றாம் நாள் ஜீப் மணலில் புதைந்துவிட்டது. முதலாளி உதவி தேடி நடந்து போய்த் திரும்பி வந்தபோது ரவி உயிரோடு இல்லை. வெயில் என்று எழுதிக் கொடுத்தார்கள். முன்சீட்டில் தண்ணீர் இருந்திருக்கிறது, முன்கதவுகள் பூட்டியிருக்கவில்லை. அவன் பின்னால் ஊர்ந்துபோய், வெல்டிங் வைத்த கதவில் இரண்டு கையையும் ஊன்றியபடி கிடந்தானாம்.

ஜீப் திரும்பி வந்தது, இனி வேண்டாம் என்று முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். வெல்டிங்கை வெட்டி, ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்துவைத்து நின்றேன். எழும்பவில்லை. அவன் வீட்டு வாசலிலும் திறந்துவைத்தேன். ம்ஹூம். அளந்தேன், ஏழு. ஒரு ஆள் ஏறினால் எட்டு என்பதை நான்தானே அளந்தேன்.

மாலாவுக்கு இது எதுவும் தெரியாது. "அத வித்திருங்கண்ணே, பாக்க முடியல" என்கிறாள். தினமும் காலையில் டேப்போடு போய்க் கதவைத் திறக்கிறேன். இன்றைக்கும் ஏழுதான். அவனை உள்ளே வைத்துக்கொண்டு நான் எப்படி விற்பேன்?