யாரும் ஏலம் கேட்காத மீன்

கடலூர் துறைமுகத்தில் ஏலம் போடும் இடத்தில் ஒரு படகின் சூரை மீன் முழுவதும் கேட்பாரில்லாமல் வெயிலில் கிடந்தது. ஐஸ் உருகி, ரத்தத்தோடு கலந்து சிமெண்டுத் தரையில் ஓடியது. ஏலக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். சுற்றியிருந்த பெண்கள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர்கள் நடுவே கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் என் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் வயிறு குளிர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. தேவனாம்பட்டினத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. விடிகாலையில் ஏலத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் விற்பாள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு டீ கொண்டுபோன அவள் மகள் திரும்பவில்லை. மாமாவும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஊரே கடலம்மா என்று கும்பிட்டபோதும் அத்தை மட்டும் கும்பிடவில்லை. "அம்மாவாம்ல அம்மா" என்று காறித் துப்புவாள். அவளுக்குக் கடல் வெறும் 'அவ'தான், தெருச் சண்டையில் எதிரியின் பெயரைச் சொல்லாமல் விடுவதுபோல.

நான் சிதம்பரத்தில் படித்து முடித்து, கடலடி நிலநடுக்கத்தையும் சுனாமியையும் கண்காணிக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது அத்தைக்கு வந்த சந்தோஷம் என் அம்மாவுக்குக்கூட வரவில்லை. "எங்க அண்ணன் மவ அவளுக்குக் காவல் இருக்கா" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்வாள். ராத்திரி போன் செய்தால் முதலில் கேட்பது என் நலத்தை அல்ல. "அவ இன்னிக்கு என்னா பண்றா?" என்பாள். ஒருமுறை, அன்றைக்கு இந்தக் கருவியெல்லாம் இருந்திருந்தால் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று கேட்டாள். சுமத்ராவிலிருந்து அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்றேன். "கூப்புட்டா கேக்குற தூரத்துலதான் என் பொண்ணு நின்னா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் கருவி ஆழ்கடலின் தரையில் கிடக்கும். மேலே தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். சுனாமி கடந்து போனால் அந்த அழுத்தம் மாறும். அந்தச் செய்தியை வாங்கிச் செயற்கைக்கோளுக்கு அனுப்ப, மேலே ஒரு மஞ்சள் மிதவை நங்கூரத்தில் நிற்கும். நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். அதுதான் தொல்லை. ஒருநாள் அந்த மிதவை ஊமையாகிவிட்டது. கீழே கருவி அளந்துகொண்டுதான் இருந்திருக்கும், சொல்வதற்குத்தான் வாய் இல்லை. கப்பல் கிடைத்துப் போய்ச் சரிசெய்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

அந்த வாரம் அத்தை பேசினாள். "ஒன்னோட மிதவ மஞ்சளா, தலையில கம்பி வச்சிருக்குமா?" ஆமாம் என்றேன். எங்கள் ஊர்ப் படகுக்காரர் ஒருவர் அதில் படகைக் கட்டிப்போட்டுச் சூரையை அள்ளியதாக ஏலத்தில் பெருமை பேசியிருக்கிறார். கயிறு இழுத்த இழுப்பில் கம்பி ஒடிந்ததையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவரைப் பெற்றவளும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் போனாள். அதுதான் எனக்கு ஆறவேயில்லை. நான் மேலிடத்தில் புகார் செய்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். அத்தை எந்த மேலிடத்துக்கும் போகவில்லை. மீன்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போய், அன்றைக்கு அந்த வீட்டில் யார் போனார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்தினாள். அவ்வளவுதான், அந்தப் படகின் மீனை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. லாரி வியாபாரிகள் விலை பேச வந்தபோது பெண்கள் கூடைகளைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நான் லீவு போட்டு வந்து அதைப் பார்த்தேன்.

மீன் நாறத் தொடங்கிய பிறகு படகுக்காரர் அத்தையிடம் வந்தார். "தெரியாம கட்டிட்டேன்க்கா. அது இதுக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" அத்தை எழுந்திருக்கக்கூட இல்லை. "என் பொண்ணும் தெரியாமத்தாண்டா அங்க நின்னா" என்றாள்.

புது மிதவை போட்ட பிறகு மற்ற பெண்கள் மெல்ல மெல்ல அவரிடம் மீன் எடுத்தார்கள். பிள்ளை குட்டிக்காரர், எத்தனை நாளைக்கு என்றார்கள். அத்தை மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை. போன வருஷம் அவள் இறந்தபோது அவர் மாலையோடு வந்தார். நான் வாசலில் மறித்து நின்றேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் அந்தமான் பக்கம் நிலம் ஆடியதாகச் செய்தி பரவி, துறைமுகமே கடலைப் பார்த்து நின்றது. என்னைக் கண்டதும் அவர்தான் முதலில் ஓடிவந்தார். தலை நரைத்திருந்தது. "அல வருமாம்மா? பையன் கடலுக்குப் போயிருக்கான்." நான் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். மிதவை பேசியிருந்தது. கடல் மட்டத்தில் மாற்றம் இல்லை. "வராது. பயப்படாதீங்க" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, தன் மீனிலிருந்து ஒரு பெரிய சூரையைத் தூக்கி நீட்டினார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா."

நல்ல மீன்தான், கண் இன்னும் கலங்காதது. அவரைத் தாண்டிப் போய், அடுத்த கூடையில் மத்தி என்ன விலை என்று கேட்டேன்.