வீட்டுக்குப் போகும் பஸ்

என் கணவர் பொய் சொல்லத் தொடங்கியபோது, அதன் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவருக்கு அக்குறணையில் ஒரு துணிக்கடையில் வேலை. கண்டி பஸ்ஸில் ஏறினால், நகரத்துக்குள் போகும் முன்பே மஹய்யாவவில் எங்கள் வீட்டருகே இறங்கிவிடலாம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருப்பவர், போன வருடம் நன்றாக இருட்டிய பிறகு வரத் தொடங்கினார். கேட்டால் ஒருநாள் கடையில் சரக்கு வந்தது என்பார், இன்னொரு நாள் பஸ் பழுது என்பார். மறுபடி கேட்டால், "நா எப்ப அப்பிடிச் சொன்னேன்?" என்று முறைப்பார்.

சட்டைப்பையைத் துழாவினேன். போனைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்காதது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. கடை முதலாளியைக் கேட்டேன். "அவரு நேரத்துக்குத்தானே போறாரு, தங்கச்சி," என்றவர், மேலும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவரும் உடந்தை என்று முடிவு கட்டினேன்.

ஒரு மாலை கடைக்கு எதிரே காத்திருந்தேன். அவர் முன்கதவால் பஸ்ஸில் ஏறினார், நான் பின்கதவால். மஹய்யாவ வந்தது. ஜன்னல் வழியே எங்கள் தெருவைப் பார்த்தார், ஆனால் இறங்கவில்லை. கண்டியில் இறங்கி அங்குமிங்கும் நடந்து, அன்னாசி வெட்டி விற்கும் ஒரு சிங்களப் பெண்ணிடம் போய் நின்றார். அவள் சிரித்தாள். கத்தியை வைத்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டாள்.

பஸ் போனதும் அவள்முன் போய் நின்றேன். "அவரு ஒனக்கு யாரு?"

"நோனாட மாத்தயாவா?" அவர் என் கணவரா என்று உடைந்த தமிழில் கேட்டாள். "எல்லா நாளும் வந்து கேக்குறது, மஹய்யாவ பஸ் எது. நான் காட்டுறது. தனிய விட வேணாம் நோனா."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த வாரம் கோயில் மண்டபத்தில் மறதி நோய் பற்றிப் பேச ஒரு டாக்டர் வந்தார், யாழ்ப்பாணத்துப் பெண். "சாவிய எங்க வச்சதெண்டு மறக்கிறது எல்லாருக்கும் நடக்கும். தெரிஞ்ச வழியில தடுமாறினா, அதை மறைக்கக் கதை சொன்னா, வயசு போச்செண்டு விட்டிடாதேங்கோ. வேளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சிலருக்கு வேற நோய் வருத்தத்தால மறதி வரும், அதைச் சுகப்படுத்தலாம். மற்ற ஆக்களுக்கும் செய்ய எவ்வளவோ இருக்கு."

டாக்டரிடம் போகலாம் என்று வீட்டில் சொன்னதும் அவர் கொதித்தார். "என்னையப் பைத்தியம்னு எழுதி வாங்கப் பாக்குறியா? யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?" அதன் பிறகு நான் கொடுத்த தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார்.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். "பொம்பள சகவாசம்னு நெனச்சு ஒங்க பின்னாலயே வந்தேன்."

திகைத்துப் பார்த்தவர், "இந்த மூஞ்சிக்கா?" என்று சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் மெல்லச் சொன்னார். "எங்க எறங்கணும்னு தெரியல. பயமா இருந்திச்சி. நீ சிரிப்பியோன்னு சொல்லல."

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள், நிறையக் கேள்விகள் கேட்டார்கள். நோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார்கள். முதலாளியும் அன்று விழுங்கியதைச் சொன்னார்: கேட்ட துணியை விட்டு வேறு துணியை எடுத்துக் கொடுக்கிறாராம். வேலையை விட்டு நிறுத்தவில்லை. இப்போது காலையில் மட்டும் துணி மடிக்கிறார். நான்தான் கூட்டிப் போய் வருகிறேன். மாத்திரையைக் கொடுத்தால் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார்.

"என்னா, தெனமும் சோடியாப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி கண்ணைச் சிமிட்டிக் கேட்டாள். நோயின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஊருக்கே பறையடிக்கிறாய் என்று இவர் அன்று முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் அவள் பின்கதவால் வந்தாள். தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எங்கண்ணன் சோறு தின்னுட்டு, திங்கவே இல்லங்குறாரு. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டேன்," என்றேன். "அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கிட்டு எங்ககூட வாங்க."