அத்தையின் பெயரைத் திருப்பிக் கொடுத்தேன்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பிறகு யாரும் தாங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அதிலும் நான் சாதாரண முட்டாள் இல்லை, பெயின்ட் செலவைப் பார்க்காத முட்டாள். என் மாமியாரின் பெயரைச் சாண் உயர எழுத்தில் மரக்கட்டைகளின் மேல் அடித்து, லாரியில் ஏற்றி, வருடக்கணக்காக ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் அவர் மனம் குளிர்ந்துபோகும் என்று வேறு நம்பினேன்.

எங்கள் தொழில் பேலட் செய்வது. பேலட் என்றால் சாமான் அடுக்குகிற மரத்தட்டு. தொழிற்சாலையில் பெட்டிகளை அதன் மேல் அடுக்கினால், ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் இரண்டு இரும்புக் கைகளை அடியில் நுழைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு போகும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தபோது, உடைந்த பேலட்டுகளுக்கு ஆணி அடிப்பதுதான் என் வேலை. இதை நாமே செய்து விற்றால் என்ன என்று அங்கேதான் ஒரு யோசனை வந்தது. என் ஆயுளில் எனக்கு வந்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான். அதிலும் முக்கால்வாசி என் மனைவி சொன்னது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் அத்தைக்கு நெல் நிலம் உண்டு. அதில் ரோட்டை ஒட்டி, தண்ணீர் ஏறாத மேட்டுத் துண்டு ஒன்றை ஷெட் போடக் கொடுத்தார். அங்கிருந்து தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு மினி லாரி ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடும். ஆடிட்டர் சொன்னபடி அத்தையும் நானும் பங்குதாரர்களாகச் சேர்ந்து கூட்டு நிறுவனம் பதிவு செய்தோம். “கம்பெனிக்கு என்ன பேர் போடறது?” என்று ஆடிட்டர் கேட்டு வாய் மூடுவதற்குள் நான் அத்தையின் பெயரைச் சொன்னேன். பின்னால் ‘பேலட்ஸ்’ என்று ஒட்டிக்கொண்டது.

“எதுக்கு மாப்ள?” என்றார் அத்தை.

அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் நிஜமாகவே ‘எதற்கு’ என்றுதான் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடி ஒரு பத்திரம் வாங்க வேண்டிவரும்.

மற்ற பேலட்காரர்கள் தங்கள் பெயரை ஒரு மூலையில், தீப்பெட்டி அளவுக்கு, ஆங்கிலத்தில் அடிப்பார்கள். நான் ஸ்டென்சில் தகட்டில் பெரிய பெரிய தமிழ் எழுத்தாக வெட்டி வாங்கினேன். அத்தை படிக்க வேண்டுமே! தகட்டை வைத்துக் கறுப்புப் பெயின்டை ஒரு இழுப்பு இழுத்தால் அத்தையின் பெயர் பளிச்சென்று நிற்கும். ஒரு பக்கம் போதாதென்று நான்கு பக்கமும் அடித்தேன். தினமும் காலையில் அவர் ஷெட்டுக்கு வந்து, அறுத்துப் போட்ட கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, அடுக்கி வைத்த பேலட்டுகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அந்தச் சுருக்கத்தைப் பெருமை என்று நினைத்தேன். வெயில் கூச்சமாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. பேலட்டுக்கு ஆயுசு கம்மி. நாலு முறை ஃபோர்க்லிஃப்ட் இடித்தால் பலகை பிளந்துவிடும். கம்பெனிக்காரர்கள் அதைப் பழைய மர வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். அவர் டிராக்டரில் கொண்டுவந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் விற்பார். பலகை சல்லிசு. ஆட்டுப்பட்டிக்கு ஆகும், கோழிக் கூண்டுக்கு ஆகும், மாட்டுக் கொட்டகையில் தரைக்குப் போடலாம். ஆக, ஷெட்டிலிருந்து லாரி ஏறிப் போன அத்தையின் பெயர், கொஞ்ச நாள் கழித்து டிராக்டர் ஏறி அத்தையின் ஊருக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அது தெரிய வந்தது ஓர் ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற அன்று. அத்தையின் ஓரகத்தி வீட்டில், அதாவது என் மாமனாருடைய தம்பி மனைவியின் வீட்டில், சொந்தமெல்லாம் கூடியிருந்தோம். இந்த இரண்டு பேருக்கும் எதிலும் போட்டி. ஒருத்தர் வீட்டுக் கூழில் வெங்காயம் அதிகமாக இருந்தால் இன்னொருத்தருக்கு அன்று தூக்கம் வராது. செவ்வாப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள்.

“தோ, பின்னால போ. எங்கக்கா பேரு பெர்சா எழுதிக் கீது பாரு, அதான்” என்றார் ஓரகத்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

எட்டிப் பார்த்தேன். புதிதாகக் கட்டின கக்கூஸ். கதவு முழுக்க எங்கள் பேலட் பலகை. பெயர் ஒரு எழுத்துகூடச் சிதையாமல், கோணாமல், வெளிப்பக்கம் பார்த்து நின்றது. என் ஸ்டென்சிலின் தரத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

போய்விட்டு வந்த பெண் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: “இன்னா பெரீம்மா, உன் பேருக்கு உள்பக்கம் தாப்பாவே இல்லியே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெயர் வைத்தது என் முதல் முட்டாள்தனம் என்றால், இது இரண்டாவது. அத்தை சிரிக்கவில்லை. கையிலிருந்த கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தெருவோடு நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“மாப்ள, கம்பெனி பேர மாத்துங்க.”

“அந்தக் கதவ வேணா மாத்திடறேன் அத்தை.”

“ஆட்டுப்பட்டில கீது. கோழிக் கூண்டுல கீது. அடுத்த தெருவுல மாட்டுக் கொட்டாயில சாணிக்கு அடியில கீது. எத்தினிய மாத்துவீங்க?”

“வெறும் கட்டைதான அத்தை…”

“கட்ட உங்களுது. பேரு என்னுது. எனக்கு அது வோணும்.”

அதற்குப் பிறகு அவர் ஷெட்டுக்கு வரவில்லை. நானும் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இழுத்தேன். காரணம் இருந்தது. தேர்வாய் கண்டிகையில் ஒரு புதுத் தொழிற்சாலை எங்களைச் சப்ளையர் பட்டியலில் சேர்த்து முதல் ஆர்டர் கொடுத்திருந்தது. அதற்காக அந்த கேட்டில் நான் நின்ற நேரத்துக்கு என்னைக் கேட் கம்பம் என்று நினைத்து யாரோ சைக்கிளைச் சாத்தியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் பெயரை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்குமோ என்று பயம்.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் என் மனைவி ஆணி டப்பாவை என் முன்னால் தட்டென்று வைத்தாள்.

“எங்கம்மா ஷெட்டு பக்கமே வர்றதில்லையே, உங்களுக்கு உறைக்கவே இல்லியா?”

“வெயிலுக்குப் பயந்துகினு வராம இருக்காங்களோ என்னமோ.”

“நாத்து நட்டவங்களுக்கு இப்பதான் வெயிலு சுடுதா? கூட்டுலேர்ந்தே வெலகிடப் போறாங்களோன்னு எனக்கே பயமா கீது. நீங்க இன்னாடான்னா ஜோக் அடிச்சிகினு கீறீங்க.”

அன்றைக்கே திருவள்ளூருக்கு பஸ் ஏறினேன். ஆடிட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தார்.

“பெயர் மாற்றத்துக்குக் காரணம்?”

“கக்கூஸ் சார்.”

நிமிர்ந்து பார்த்தார். விவரம் சொன்னேன். குனிந்து, ‘வணிகக் காரணங்களுக்காக’ என்று எழுதினார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, “பேர் மாத்தறது மொட்டை அடிக்கற மாதிரி, திரும்ப முளைச்சிடும். ஆனா உங்க கூட்டுல இருக்கறதே ரெண்டு பேர். அந்தம்மா வெலகினா தலையே போன மாதிரி. கம்பெனியே கலைஞ்சிடும். ஜிஎஸ்டி, பேங்க், அந்த ஃபேக்டரி பட்டியல், எல்லாம் புதுசா ஆரம்பிக்கணும். அவங்க இருக்காங்கதானே?” என்றார்.

“இருக்காங்க சார்” என்றேன். என் குரல் எனக்கே சந்தேகமாக இருந்தது.

புதுப் பெயருக்கு வீட்டில் ஆலோசனை நடந்தது. என் பெயரையே வைத்துவிட்டால் என்ன என்று லேசாகக் கேட்டுப் பார்த்தேன். “உங்க பேரு போட்ட கதவு ஒழுங்கா மூடவே மூடாது” என்றாள் மனைவி. சாமி பெயர் வைத்தால் அந்தச் சாமியும் ஆட்டுப்பட்டிக்குத்தான் போகும். பூவின் பெயர் வைக்கலாம் என்றால், சொந்தத்தில் அந்தப் பூவின் பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கடைசியில் மனைவிதான் ஷெட் இருக்கும் நிலத்தின் சர்வே எண்ணைச் சொன்னாள். அந்த எண்ணும் ‘பேலட்ஸ்’ என்ற சொல்லும், அவ்வளவுதான். எண்ணுக்கு மானம் அவமானம் கிடையாது. கக்கூஸ் கதவில் இருந்தால் யாரோ வீட்டு நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட அத்தை திருவள்ளூர் வந்தார். பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஆடிட்டர் ஆபீஸில் தாள்களை விரித்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு படிவத்திலும் அத்தை தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு ஆடிட்டரைப் பார்த்தார்.

“இன்னா சார், ஒரு பேர எடுக்கறதுக்கு எத்தினி தபா அதே பேர எழுதறது?”

“சட்டம் அப்டிம்மா.”

“சட்டத்துக்கும் எங்க மாப்ளைக்கும் நல்லா ஒத்துப்போவும்.”

‘அத்தை, கூட்டில் இருப்பீர்களா?’ என்று கேட்க அதுதான் சரியான இடம், சரியான நேரம். ஓயாமல் பேசுகிற இந்த வாய் அன்றைக்குப் பார்த்து, ஆபீஸ் வாசல் டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது.

பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். பான் அட்டை புதுப் பெயரில் வந்தது, பிறகு ஜிஎஸ்டி சான்றிதழ் வந்தது, பேங்க்கில் புது ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் காட்டச் சொன்னார்கள். பழைய தகட்டைத் தட்டி மடக்கி, எழுத்து வெட்டிய ஓட்டைகளைத் தாரால் அடைத்து, கூரையில் ஓட்டை இருந்த இடத்தில் வைத்து அடித்துவிட்டேன், எழுத்து கீழே தெரியாதபடி. புதுத் தகட்டில் எழுத்து தீப்பெட்டி அளவுதான். ஓரகத்தி வீட்டுக்கும் நானே போய்ப் பெயர் இல்லாத புதுக் கதவு ஒன்றை உள்பக்கத் தாழ்ப்பாளோடு மாட்டிக் கொடுத்தேன். அந்தம்மாள் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, “பரவால்ல, உனக்கு வேலகூடத் தெரியுதே” என்றார். ஆட்டுப்பட்டிகளுக்கும் ஒரு டப்பா பெயின்டோடு போய், பெயரின் மேல் பூசிவிட்டு வந்தேன். ஆடுகள் மட்டும் கொஞ்சம் ஆட்சேபித்தன.

கடைசியாக மிச்சம் இருந்தது தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை. பர்ச்சேஸ் அதிகாரி புதுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேர் மாறினா பேலட் மாறுமா?”

“மாறாது சார்.”

“ஆணி?”

“அதே ஆணி சார். அடிக்கறதும் நான்தான்.”

“அப்ப சரி. பழைய பார்ட்னருங்க ரெண்டு பேரும் தொடர்றாங்கன்னு ஒரு லெட்டர், ரெண்டு கையெழுத்தோட கொண்டாங்க. அடுத்த ஆர்டர் புதுப் பேர்லயே போட்டுடறேன்.”

இனி ஒளிய இடமில்லை. கடிதத்தை அடித்து, என் கையெழுத்தைப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் செருகிக்கொண்டு நேராக அத்தையின் வயலுக்குப் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. அத்தை முழங்கால் சேற்றில் நின்று நாற்றுக் கட்டுகளை வீசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அவர் முகத்தைக் கண்டதும் கலைந்துபோனது. இருந்தாலும் ஆரம்பித்தேன். பெயர் வைத்தது என் தப்பு என்றேன். அன்றைக்குச் சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு என்றேன். பெயரை எடுத்தாகிவிட்டது, நிலம் அவருடையது, கூட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஷெட்டை வேண்டுமானாலும் பிரித்துவிடுகிறேன், கும்மிடிப்பூண்டியில் இன்னும் யாராவது ஆணி அடிக்க ஆள் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்றேன். நடவுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தை சேற்றுக் கையைப் புடவை முந்தானையில் இரண்டு முறை துடைத்தார். உறையிலிருந்து தாளை எடுத்தார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டினார். கொடுத்தேன். வரப்பில் மேஜை ஏது? நானே திரும்பி நின்று, குனிந்து, முதுகைக் கொடுத்தேன். எழுத்து எழுத்தாக அந்தப் பெயர் என் முதுகில் நகர்ந்தது. கடைசி எழுத்தில் ஒரு அழுத்து விழுந்தது.

நிமிர்ந்தபோது தாளை என் கையில் திணித்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்.

“அப்ப… இருப்பீங்களா அத்தை?” என்று கேட்டேன்.

“பேரு வோணும்னுதான் கேட்டேன் மாப்ள, பங்கு வாணாம்னா சொன்னேன்?”